தலைவர் முகம் தெரிய வேண்டிய தகடு

எங்கள் ஆஸ்பத்திரியில் கமிட்டி பிறந்தது ஒரு புளிக்குழம்பில். பாளையங்கோட்டையில் நாலு தர்மவான்கள் சேர்ந்து கட்டி நடத்திய சின்ன ஆஸ்பத்திரி அது. நான் அங்கே மருந்து கலக்கும் கம்பவுண்டர், பெயர் தானியேல். சமையல்கட்டில் இருந்த பித்தளை அண்டாவில் ஈயம் தேய்ந்து போய் வெகுநாளாகியிருந்தது. அதில் வைத்த குழம்பு களிம்பு ஏறிப் பச்சை பூக்கும்; நோயாளிகள் வாரத்துக்கு ஒருமுறை வாந்தி எடுப்பார்கள். அதையும் ஒரு நோய் என்று நினைத்து நான் மருந்து கலந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் தர்மவான்களில் ஒருவரான ராவ்சாகிப் குற்றாலலிங்கம் பிள்ளை சாப்பாட்டைச் சோதிக்க வந்தார். ருசி பிடித்துப்போய் இரண்டு அகப்பை அதிகமாகவே சோதித்துவிட்டார். சாயந்தரம் அவருக்கும் வாந்தி. மறுநாள் காலையில் கமிட்டி அமைந்துவிட்டது.

அதற்கு உலோக சாமான் சுத்திகரிப்புக் கமிட்டி என்று பெயர். ராவ்சாகிப் தலைவர். ஓய்வுபெற்ற உபாத்தியாயர் வேதமாணிக்கம் காரியதரிசி. நாற்பது வருஷம் பிள்ளைகளை எழுதச் சொல்லிக்கொண்டிருந்த மனுஷர், இப்போது தானே எழுதக் கிடைத்த சந்தோஷத்தில் ஒரே மூச்சில் பதினொரு விதிகளை எழுதித் தள்ளினார். இன்னும் இரண்டு அங்கத்தினர்கள் உண்டு. அவர்கள் தலையாட்டுவார்கள், அதனால் அவர்கள் பெயர் நமக்குத் தேவையில்லை. விதிகளில் நாலாவதுதான் முக்கியம். நோயாளியின் வாயிலோ புண்ணிலோ உடம்பின் உள்ளேயோ படுகிற உலோகம் எதுவானாலும், மாதத்தின் முதல் திங்கட்கிழமை ஈயம் பூசப்பட்டு, அதில் தலைவருடைய முகம் தெரிய வேண்டும்.

ஈயம் பூசிய பாத்திரத்தில் முகம் பார்த்து வாங்குவது எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான். வீட்டில் யார் முகம் தெரிந்தாலும் போதும். எங்களுக்குத் தலைவர் முகமே தெரிந்தாக வேண்டும்.

முதல் திங்கட்கிழமை வந்தால் மேலப்பாளையத்திலிருந்து ஈயம் பூசும் காஜா முகைதீன் வந்துவிடுவார். முற்றத்து வாகை மரத்தடியில் குழி தோண்டி, துருத்தி வைத்து, கரியைப் பற்றவைப்பார். ஈயம் ஒட்டப் போடும் நவச்சாரத்தின் புகை வார்டு முழுக்கச் சுற்றும். இருமல் இல்லாமல் வந்தவர்களும் அன்று இருமுவார்கள். தலைவர் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு சாமானாக முகத்துக்கு நேரே தூக்கி, மீசையின் இரண்டு முனையும் சரியாகத் தெரிகிறதா என்று பார்த்து, "சரி" என்பார். தட்டுகள் எல்லாம் முதல் தடவையே தேறிவிட்டன. எச்சில் துப்பும் படிக்கம் மட்டும் மூன்று தடவை திரும்பி வந்தது. அதன் வயிற்றுப் பகுதியில் தலைவருக்குக் கன்னம் வீங்கித் தெரிந்தது.

"மொதலாளி, சாமான் உருண்டையா இருந்தா மூஞ்சியும் உருண்டையாத்தான் தெரியும்" என்றார் காஜா முகைதீன்.

"அப்ப சாமானைத் தட்டையாக்கும் வே" என்றார் தலைவர்.

படிக்கங்கள் பன்னிரண்டும் தட்டையாக அடிக்கப்பட்டன. அதற்கப்புறம் நோயாளிகள் ஜன்னல் வழியாகத் துப்பிக்கொண்டார்கள்.

அடுத்த மாதம் டாக்டருடைய கருவிகளின் முறை. எங்கள் டாக்டர் பாக்கியசீலன் மதராஸில் படித்துத் தேறியவர், கை மிகவும் சுத்தம். அவருடைய கத்திகளுக்கு ஈயம் பூசினார்கள். பூசிய பிறகு அவை கொய்யாப்பழத்தைக்கூட வெட்டவில்லை. கத்தரிக்கோலின் இரண்டு அலகும் ஒட்டிக்கொண்டன. தையல் ஊசியின் காது அடைந்துபோனது. டாக்டர் போய்ச் சொன்னதற்குத் தலைவர் பொறுமையாகப் பதில் சொன்னார்.

"டாக்டர், கத்தியின் வேலை வெட்டுவது. கமிட்டியின் வேலை சுத்தம். உம்முடைய வேலையில் நாங்கள் தலையிட்டோமா?"

அன்றிலிருந்து டாக்டர் வேறொரு செட்டுக் கத்தியை வீட்டில் வைத்துக்கொண்டு, ஆபரேஷன் உள்ள நாளில் வேதப்புத்தகப் பையில் கொண்டுவருவார். அவர் பக்தி அதிகமாகிவிட்டது என்று காரியதரிசி மெச்சினார்.

டெல்லியில் சக்கரவர்த்தி முடிசூடிக்கொண்டு போனாரே, அதற்கு அடுத்த மாசியில்தான் மாரித்தாய் வந்து சேர்ந்தாள். சீவலப்பேரிக்காரி, வயல்வேலை. பிசான நெல் அறுப்பு முடிந்து, களத்தில் கதிர் மிதிக்கிற மாடு மிரண்டு அவள் கணைக்காலில் ஏறிவிட்டது. மூன்று வாரம் மூங்கில் பத்தை வைத்துக் கட்டியும் எலும்பு சேராமல், மாட்டுவண்டியில் கொண்டுவந்து இறக்கினார்கள். புருஷன் இல்லை. ஒரே மகள் சுடலைவடிவைச் சித்தி வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தாள்.

டாக்டர் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எலும்பு ரெண்டு துண்டாக் கிடக்கு, மாரித்தாய். வெளிய கட்டுனா சேராது. உள்ள ஒரு தகடு வச்சுப் பிடிக்கணும். இல்லேன்னா காலையே எடுக்கணும்."

"எடுத்துட்டா வயல்ல எப்படி இறங்க, ஐயா? ஆனில கார் நடவு. வரிசைக்குத் தலைப்புல நிக்கவ நான். ஒத்தக் காலச் சேத்துல ஊனிக்கிட்டு நாத்து நட முடியுமா? நான் சம்பாதிச்சாத்தான் என் மவ என் வீட்டுல சோறு திங்க முடியும்."

"அதான் தகடு வைக்கலாம்ங்கேன். இது இரும்பு இல்ல, மக்னீசியம்னு ஒரு உலோகம். எலும்பு சேருற வரைக்கும் பிடிச்சுக்கிட்டு இருக்கும். பொறவு பைய ஒடம்புலயே கரைஞ்சு போயிரும். எடுக்கதுக்குன்னு இன்னொரு மட்டம் அறுக்க வேண்டாம்."

"வேலைய முடிச்சுட்டு, சொல்லாமக் கொள்ளாமப் போயிருமா?"

"ஆமா."

"அது நல்ல வேலக்காரன்லா" என்றாள் மாரித்தாய்.

அந்தத் தகடுகள் டாக்டரின் சிநேகிதர் ஒருவர் மூலம் சீமையிலிருந்து கப்பலில் தூத்துக்குடிக்கு வந்தவை. மொத்தம் மூன்று. வெற்றிலைக் காம்பு நீளம், கையில் வைத்தால் கனமே தெரியாது. அங்கே சில டாக்டர்கள் பரீட்சித்துக்கொண்டிருந்த புதுச் சங்கதி. அதில் ஒரு தொல்லையும் இருந்தது. வெறுமனே உள்ளே வைத்தால் எலும்பு சேருவதற்கு முன்பே கரைந்துவிடும், கரையும்போது காற்றுக் கிளம்பிச் சதையை வீங்க வைக்கும். அதனால் தகட்டின் மேல் ஏதாவது ஒரு தோல் போல உண்டாக்க வேண்டும், அது கரைவதைத் தாமதப்படுத்த வேண்டும் என்று டாக்டர் யோசித்துக்கொண்டிருந்தார். அப்படி யோசித்ததோடு நிற்காமல் அதைக் கமிட்டியிடமும் சொல்லிவிட்டார். மறைத்துப் பழக்கமில்லாத மனுஷர்.

"மேலே பூச்சு வேண்டும், அவ்வளவுதானே?" என்றார் தலைவர். "அதற்குத்தான் கமிட்டி இருக்கிறது. திங்கட்கிழமை ஈயம் பூசுவோம்."

"நெருப்புப் பட்டா அது எரிஞ்சிரும், ராவ்சாகிப்."

"உலோகம் எரியுமா? டாக்டர், நான் இந்தக் கமிட்டிக்குத் தலைவராகி எட்டு மாதம் ஆகிறது. இதுவரை ஒரு தட்டும் எரியவில்லை."

மார்ச் மாத முதல் திங்கட்கிழமை வாகை மரத்தடியில் எல்லோரும் கூடினோம். காரியதரிசி முதல் தகட்டை வாங்கி, "தகடு எண் ஒன்று" என்று ஏட்டில் எழுதினார். காஜா முகைதீனுக்கு அந்த உலோகத்தின் கனத்திலேயே சந்தேகம் வந்துவிட்டது. மூலையில் ஒரு சில்லை வெட்டி மடியில் வைத்துக்கொண்டு, "பொறவு பாக்கலாம்" என்று என்னிடம் முணுமுணுத்தார். பிறகு வேறு வழியில்லாமல் தகட்டை இடுக்கியில் பிடித்துக் கரியின் மேல் காட்டினார். தலைவர் முகம் தெரிகிறதா என்று பார்க்க நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக் குனிந்தார்.

துருத்தி நாலு தடவை ஊதியிருக்கும். அப்புறம் ஒரு வெளிச்சம். வெள்ளை என்றால் அப்படி ஒரு வெள்ளையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. வாகை மரத்தின் ஒவ்வொரு இலையும் தனித்தனியாகத் தெரிந்தது. காரியதரிசி பதறிப்போய் ஒரு செம்புத் தண்ணீரை அதன்மேல் ஊற்றினார். தண்ணீரைக் கண்டதும் அது இன்னும் உற்சாகமாக எரிந்தது. வார்டில் படுத்திருந்தவர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். எங்களுக்குக் கண் தெரியக் கால் மணி ஆயிற்று. தெரிந்தபோது கரியின்மேல் கொஞ்சம் வெள்ளைச் சாம்பல் இருந்தது. தலைவருடைய இடது மீசை இல்லை.

சோதனை தோற்றது என்று எழுதினால் கமிட்டி தோற்றதாகும், அது நடக்கிற காரியமில்லை. வேதமாணிக்கம் உபாத்தியாயர் கண்ணைக் கசக்கிக்கொண்டே ஒரு வழி கண்டுபிடித்தார்.

"தலைவர் முகம் தெரிய வேண்டும் என்பதுதானே விதி? இன்றைக்குத் தெரிந்தது போல் என்றைக்கும் தெரிந்ததில்லை. தெருவில் போனவர்களுக்குக்கூடத் தெரிந்தது."

தலைவர் மீதி மீசையைத் தடவிக்கொண்டு ஒப்புக்கொண்டார். ஏட்டில் இப்படி ஏறியது: "தகடு எண் ஒன்று. முகம் தெரிந்தது. அங்கீகரிக்கப்பட்டது. பிறகு தகடு காணப்படவில்லை."

"அப்ப ரெண்டாவது தகட்டை நான் வச்சுக்கலாமா?" என்று டாக்டர் கேட்டார்.

"அது எப்படி? அங்கீகாரம் எண் ஒன்றுக்குத்தான்" என்று சொல்லி, காரியதரிசி அந்தச் சாம்பலை ஒரு காகிதத்தில் மடித்து டாக்டர் கையில் கொடுத்தார். "இதை வைத்து ஆபரேஷனைச் சீக்கிரம் முடியுங்கள்."

மூன்றாம் நாள் காஜா முகைதீன் வேலை ஒன்றும் இல்லாத நாளில் வந்து நின்றார். கையில் வெற்றிலைச் சுண்ணாம்பு வைக்கிற சின்னக் கரண்டகம். வெட்டிய சில்லைத் தொலைந்துவிடாமல் இருக்க அதற்குள் போட்டு வைத்தாராம். வீட்டுக்காரி மைதீன் பாத்திமா வெற்றிலை போடும்போது அது பல்லில் அகப்பட்டு, பெரிய சண்டையாகிவிட்டதாம்.

"கோவத்துல அவ அதத் தூக்கி மீன் ஊறப் போட்டிருந்த உப்புத் தண்ணில எறிஞ்சிட்டா, டாக்டர். காலைல பாத்தா அப்படியே கிடக்கு. என் பையில ஒட்டிக்கிட்டிருந்த இன்னொரு துணுக்கையும் போட்டுப் பாத்தேன். அது சோடா மாதிரி பொங்கி, மத்தியானத்துக்குள்ள காலி. சுண்ணாம்புல கிடந்ததுக்கு மேல ஏதோ ஒண்ணு படிஞ்சிருக்கு. எனக்குப் பூசத்தான் தெரியும். இது தானாப் பூசிக்கிட்டு இருக்கு."

டாக்டர் அந்தச் சில்லை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சாம்பல் வெள்ளையாக, மங்கலாக, பார்க்க லட்சணமே இல்லாமல் இருந்தது. அவர் முகம் மலர்ந்ததை நான் அன்றுதான் பார்த்தேன். இரண்டாவது தகட்டை இரண்டாக வெட்டி, ஒரு பாதியைத் தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீரில் மூன்று நாள் காய்ச்சி ஊறவைத்தோம். அப்புறம் இரண்டு பாதியையும் உப்புத் தண்ணீரில் போட்டோம். வெறும் பாதி குமிழி விட்டுக் கரைந்தது. ஊறின பாதி எப்போதாவது ஒரு குமிழி விட்டுக்கொண்டு சும்மா கிடந்தது. காஜா முகைதீன் குந்தி உட்கார்ந்து அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "மூஞ்சி தெரியாது. ஆனா வேல செய்யும்" என்றார்.

மூன்றாவது தகட்டையும் மிஞ்சிய பாதியில் வெட்டிய ஆணிகளையும் அப்படியே சுண்ணாம்புத் தண்ணீரில் பக்குவம் பண்ணினோம். டாக்டர் அதற்கு "எண் ஒன்று" என்று பெயர் வைத்தார். எனக்குத் தெரிந்து அவர் வாழ்நாளில் சொன்ன பொய் அது ஒன்றுதான். மார்ச் நடுவில் மாரித்தாய்க்குக் குளோரோபாரம் கொடுத்து, வேதப்புத்தகப் பையிலிருந்து கத்தியை எடுத்து, தகட்டை வைத்துத் தைத்தார். சாம்பல் பொட்டலத்தை நான் பத்திரமாக அலமாரியில் வைத்தேன்.

ஏப்ரல் முதல் திங்கட்கிழமை தலைவர் வார்டுக்கே வந்துவிட்டார். இடது மீசை பாதி வளர்ந்திருந்தது.

"எண் ஒன்று எங்கே?"

"இவங்க காலுக்குள்ள" என்றார் டாக்டர்.

"நாலாம் விதி உடம்பின் உள்ளே என்று சொல்கிறது. மாதம் தோறும் என்றும் சொல்கிறது. திறந்து காட்டும்."

மாரித்தாய் போர்வையை இழுத்துக் காலை மூடிக்கொண்டாள். "சாமி, ஒங்க மொகத்தப் பாக்கதுக்கு என் கால எதுக்குத் தொறக்கணும்? தாமிரவருணில குனிஞ்சு பாத்தாத் தெரியாதா?"

"ஏளா, ஆறு கமிட்டிக்குச் சொந்தமில்லை" என்றார் தலைவர்.

காஜா முகைதீன் பணிவாக ஒரு நடைமுறைச் சிக்கலை எடுத்துச் சொன்னார். "அடுப்புல காட்டாம ஈயம் ஒட்டாது, மொதலாளி. தகட்டக் காட்டணும்னா காலையும் காட்டணும். காலக் காட்டுனா ஆளும் கூட வருவாக. ஆளு பழுத்தாத்தான் ஈயம் பிடிக்கும்." இது விதிகளில் இல்லாத விஷயமாக இருந்தபடியால் கமிட்டி ஒரு மாதம் ஒத்திப்போட்டது.

மே மாதத்தில் உபாத்தியாயர் முடிவோடு வந்தார். அவர் வாசித்ததை அப்படியே சொல்கிறேன். "சாமானை உள்ளே கொண்டிருப்பது பாத்திரம் எனப்படும். மேற்படி தகடு மேற்படி மாரித்தாய்க்குள் இருக்கிறது. ஆகவே மாரித்தாய் ஒரு பாத்திரம். ஆறாம் விதிப்படி பாத்திரம் ஆஸ்பத்திரியை விட்டு வெளியே போகக்கூடாது. ஏழாம் விதிப்படி உபயோகம் இல்லாத நேரத்தில் கவிழ்த்து வைக்கப்பட வேண்டும்."

"என்னம்மா சொல்லுதாரு?" என்று மாரித்தாய் ஆயா கெசியாவிடம் கேட்டாள்.

"ஒன்னக் குப்புறப் படுக்கச் சொல்லுதாரு" என்றாள் கெசியா.

கமிட்டிக்காரர்கள் தாழ்வாரத்தில் வரும் சத்தம் கேட்டால் மாரித்தாய் குப்புறப் படுத்துக்கொள்வாள். போனதும் எழுந்துவிடுவாள். இது பழகிப்போயிற்று. ஆனால் அந்த உத்தரவின் கடைசி வரி அப்படிப் பழகிப்போகிற விஷயம் அல்ல. ஜூன் முதல் திங்கட்கிழமை, பாத்திரத்திலிருந்து தகட்டை வெளியே எடுத்து, ஈயம் பூசி, முகம் பார்த்து, மறுபடி உள்ளே வைக்க வேண்டும். அதற்கு ஈயம் பூசிய கத்தியைத்தான் உபயோகிக்க வேண்டும்.

கால் அப்போது தேறிக்கொண்டிருந்தது. முதலில் தையல் பக்கத்தில் கொஞ்சம் காற்று ஊறி, அழுத்தினால் நொறுநொறுவென்றது. இரண்டு வாரத்தில் அதுவும் வடிந்துவிட்டது. மே கடைசியில் டாக்டர் தடவிப் பார்த்து, எலும்பு சேர்ந்துவிட்டது, தகடு பெரும்பாலும் கரைந்திருக்கும் என்றார். மாரித்தாய் சுவரைப் பிடித்து நடந்தாள். பிறகு கம்பு ஊன்றி நடந்தாள். பிறகு கம்பைக் கெசியாவிடம் கொடுத்துவிட்டு நடந்தாள். நடந்து வந்து கட்டிலில் உட்கார்ந்து அழுதாள். எனக்கும் கண் நிறைந்துவிட்டது, அதை மறைக்க மருந்து அலமாரியைத் திறந்தேன்.

சேர்ந்த எலும்பை மொண்ணைக் கத்தியால் பிளந்தால் அந்தக் கால் அவ்வளவுதான். டாக்டர், தான் கத்தியைத் தொடமாட்டேன் என்று எழுதிக் கொடுத்தார். தலைவர் வருத்தப்படவில்லை. தூத்துக்குடியிலிருந்து வேறொரு டாக்டரை வரவழைத்துக்கொள்வதாகச் சொன்னார். இவர் வேலையை விட்டுப் போனாலும் அவர் வந்து அறுப்பார். டாக்டர் இரண்டு நாள் சாப்பிடவில்லை.

ஜூன் திங்கட்கிழமையும் வந்தது. முற்றத்தில் அடுப்பு புகைந்தது. ஈயம் பூசிய கத்தி தட்டில் பளபளவென்று இருந்தது, தலைவர் முகம் அதில் நன்றாகத் தெரிந்தது. தூத்துக்குடி டாக்டர் கையைக் கழுவிவிட்டு, கத்தியை விரலால் தடவிப் பார்த்துப் புரியாமல் நின்றார். மாரித்தாயைப் பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். தலைவர் எழுந்து நின்று பேசினார்.

"அன்பர்களே, என்னைப் பற்றி நான் ஒன்றும் பெரிதாக நினைக்கிறவன் அல்ல. இந்த ஆஸ்பத்திரியின் ஒவ்வொரு தட்டிலும் ஒவ்வொரு கரண்டியிலும் என் முகம் இருக்கிறது என்றால், அது நோயாளிகளின் நன்மைக்காக. நான் பார்க்காத சாமானால் யாருக்கும் குணம் வந்ததாக எனக்குத் தெரியாது. இந்த ஏழைப் பெண்ணுக்குக் குணமாகிவிட்டது என்று சிலர் சொல்கிறார்கள். என்னைக் கேட்காமல் எப்படிக் குணமாகும்? எல்லாச் சாமானிலும் இருக்கிற என் முகம் தன் காலில் மட்டும் இல்லை என்றால் அவள் மனசு என்ன பாடுபடும்? அதைத் தீர்க்கவே இன்று கூடியிருக்கிறோம்."

தலையாட்டுகிற இரண்டு பேரும் தலையாட்டினார்கள். மாரித்தாய் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"சாமி, கோவிச்சுக்காதீய. எனக்கு ஒரு சந்தேகம். அன்னைக்கு வெள்ளையா எரிஞ்சுதே, நான் ஜன்னல் வழியாப் பாத்தேன். அது எந்தத் தகடு?"

"எண் ஒன்று" என்றார் காரியதரிசி, ஏட்டைப் புரட்டாமலே.

"என் கால்ல இருக்கது?"

அதற்கு ஏட்டைப் புரட்டினார். "அதுவும் எண் ஒன்று."

"எரிஞ்சு போனது என் கால்ல எப்படி இருக்கும், சாமி? பின்ன எதைத் தேடி அறுக்கப் போறிய?"

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். உபாத்தியாயர் அந்தப் பக்கத்தை இரண்டு தடவை வாசித்தார். தகடு காணப்படவில்லை என்று அவர் கையெழுத்திலேயே இருந்தது, கீழே தலைவர் கையெழுத்தும் இருந்தது. காலில் இருப்பது எண் ஒன்று என்றால் ஏடு பொய். வேறு தகடு என்றால் கமிட்டி பார்க்காத உலோகம் ஒன்று அதன் மூக்குக்குக் கீழேயே உள்ளே போய்விட்டது. தலைவருக்கு வேர்த்தது. காஜா முகைதீன் துருத்தியை நிறுத்திவிட்டார்.

ஆனால் உபாத்தியாயர் லேசுப்பட்டவரா? பேனாவைத் தொட்டுக்கொண்டு எழுந்தார்.

"தகடு எரிந்தது, ஏட்டில் இருக்கிறது. ஆகவே காலில் தகடு இல்லை. தகடு இல்லாமல் ஆபரேஷன் நடந்திருக்க முடியாது. ஆபரேஷன் நடக்காமல் எலும்பு சேராது. ஆகவே இந்தக் கால் வந்த நாளில் எப்படி ஒடிந்திருந்ததோ அப்படியே ஒடிந்திருக்கிறது."

தலைவர் முகத்தில் ரத்தம் திரும்பியது. "சரி" என்றார். "உள்ளே ஒன்றும் இல்லாததால் பாத்திரமும் இல்லை. குணப்படுத்த முடியாத நோயாளி என்று எழுதி வீட்டுக்கு அனுப்பிவிடும்." தூத்துக்குடி டாக்டர் கத்தியைத் தட்டில் வைத்துவிட்டு அடுத்த ரயில் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.

மாரித்தாய் சட்டென்று எழுந்து நின்றாள். "அப்ப நான் போலாமா?"

"உட்காரும்மா" என்று உபாத்தியாயர் கத்தினார். "ஒன்பதாம் விதி. கால் ஒடிந்தவர்கள் ஆஸ்பத்திரி எல்லைக்குள் நடக்கக்கூடாது. தூக்குக்கட்டிலில்தான் போக வேண்டும்."

மூங்கில் சட்டத்தில் பித்தளை வளையம் போட்டுத் துணி கட்டிய தூக்குக்கட்டில் ஒன்று எங்களிடம் இருந்தது. தூக்குகிற ஆட்கள் இரண்டு பேர். அன்று ஒருவன் லீவு. இன்னொருவன் கொல்லைப்புறத்தில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். சமையல்கட்டு அண்டாவுக்கு இன்றுவரை ஈயம் பூசவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. தலைவர் முகத்துக்கு நேரே தூக்க முடியாத அளவு பெரிசு என்பதால் அதை யாரும் முற்றத்துக்குக் கொண்டுவரவே இல்லை.

மாரித்தாய் தூக்குக்கட்டிலைப் பார்த்தாள். பிறகு முந்தானையைச் சும்மாடாகச் சுற்றித் தலையில் வைத்து, கட்டிலை ஒரே தூக்காகத் தூக்கி அதன்மேல் ஏற்றிக்கொண்டாள். நாற்றுமுடி சுமந்த தலை. டாக்டரைப் பார்த்து, "வாரேன், ஐயா" என்றாள். நேராக நடந்து போனாள். கமிட்டியில் ஐந்து நிமிஷத்துக்கு முன்பு ஒடிந்ததாக முடிவான கால் நன்றாகவே நடந்தது. தலைவர் அந்த நேரம் பார்த்துக் கத்தியை எடுத்துத் தம் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாசலில் காவல்காரன் பிச்சைக்கண்ணு, காரியதரிசி எழுதிக் கொடுத்திருந்த அனுப்புச் சீட்டைப் பார்த்துவிட்டு மறித்தான். "கட்டில் இருக்கு. நோயாளி எங்க?"

"அடியில நிக்கேன், அண்ணாச்சி. வழிய விடுங்க, நடவுக்கு நேரமாச்சு."

சீட்டில் நோயாளியும் தூக்குக்கட்டிலும் என்று இருந்தது. இரண்டும் இருந்ததால் அவன் விட்டுவிட்டான்.

ஜூலை முதல் திங்கட்கிழமை, தூக்குக்கட்டிலின் பித்தளை வளையங்களுக்கு ஈயம் பூச வேண்டிய நாள். கட்டிலைக் காணவில்லை என்று தலைவர் என்னைத் திட்டிக்கொண்டிருந்தார். அப்போது சீவலப்பேரியிலிருந்து எட்டு மைல் நடந்து, கட்டிலைத் தலையில் வைத்துக்கொண்டு மாரித்தாய் படியேறி வந்தாள். கூடவே மகள் சுடலைவடிவு. இரண்டு பேர் காலிலும் முழங்கால்வரை வயல் சேறு, இன்னும் ஈரமாக இருந்தது. வழியில் யாருடைய வயலிலோ ஒரு வரிசை நட்டுக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்கள்.

"ஒங்க சாமான், சாமி" என்று கட்டிலைத் தலைவர் முன்னால் இறக்கி வைத்தாள்.

தலைவர் உபாத்தியாயரைப் பார்த்தார். உபாத்தியாயர் மாரித்தாயின் காலைப் பார்த்தார். பிறகு இரண்டு பேரும் சுவரைப் பார்த்தார்கள். ஏட்டின்படி அவள் சீவலப்பேரியில் கால் ஒடிந்து கிடக்கிறாள், அதனால் இங்கே நிற்க முடியாது. உபாத்தியாயர் பேனாவை எடுத்து எழுதினார். பின்னால் நின்று நான் வாசித்தேன். "தூக்குக்கட்டில் ஒன்று, தானாகவே வந்து சேர்ந்தது."

மாரித்தாய் டாக்டரிடம் மடியிலிருந்து கொஞ்சம் புதுக் கத்தரிக்காயை எடுத்துக் கொடுத்துவிட்டு, காஜா முகைதீனிடம் வீட்டுக்காரியைக் கேட்டதாகச் சொல்லச் சொல்லிவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு இறங்கிப் போனாள். அன்றைக்கு மாதிரி நான் வேறு என்றைக்கும் சந்தோஷப்பட்டதில்லை. கெசியா தாழ்வாரத்தைத் துடைக்கத் துணியும் வாளியுமாக வந்தாள். வாசலிலிருந்து தலைவர் நாற்காலி வரைக்கும், இடது கால் ஒன்று வலது கால் ஒன்று என்று சேற்றுத் தடம் பதிந்திருந்தது. இரண்டும் ஒரே அழுத்தம். காயட்டும், நாளைக்குத் துடைத்துக்கொள்ளலாம் என்று சொல்லி அவளை அனுப்பிவிட்டேன்.